ஏதென்ஸிலிருந்து டோக்கியோ வரை: ஈட்டி வீரர் தேவேந்திர ஜஜாரியா

ஈட்டி எறிதலில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தவர் யார் என்று நம் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ‘நீரஜ் சோப்ரா’ என்பார்கள். 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ, 87.58 மீட்டர் என்று புள்ளிவிவரமும் சேர்த்துச் சொல்வார்கள். ஒலிம்பிக் போட்டியை மட்டும் கணக்கில் எடுத்தால் விடை சரிதான்.

ஆனால் அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே, 2004 செப்டம்பரில், கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் ஓர் இந்தியர் ஈட்டியை 62.15 மீட்டர் எறிந்து, உலக சாதனையோடு தங்கப் பதக்கம் வாங்கிவிட்டார். அவருக்கு வயது 23. இடது கை கிடையாது. பெயர் தேவேந்திர ஜஜாரியா. பிறகு 2016-இல் மறுபடியும் தங்கம், 2021-இல் வெள்ளி. பாராலிம்பிக் எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான உலகப் போட்டியில் மூன்று முறை களமிறங்கி மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பாத மனிதர். இந்திய ஈட்டி எறிதலின் கதையை அவரிடமிருந்து தொடங்குவதுதான் நியாயம் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஏன் அப்படித் தொடங்குவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்ப்போம்.

பாராலிம்பிக்: ஒரு சிறு முன்கதை

இரண்டாம் உலகப்போரில் முதுகுத்தண்டில் அடிபட்ட சிப்பாய்களுக்கு இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் சிகிச்சை அளித்து வந்தார். படுக்கையிலேயே கிடந்தால் உடம்பும் போச்சு, மனசும் போச்சு என்று உணர்ந்தவர் அவர். விளையாட்டையே மருந்தாக்கினார். 1948-இல் லண்டனில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில் தம் நோயாளிகளுக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். அந்த விதைதான் 1960-இல் ரோம் நகரில் முதல் பாராலிம்பிக்காக வளர்ந்தது. 1988 சியோல் தொடங்கி, ஒலிம்பிக் நடக்கும் நகரிலேயே அது முடிந்த சில வாரங்களில் பாராலிம்பிக்கும் நடப்பது வழக்கமாயிற்று.

இதில் இந்தியாவின் முதல் தங்கமும் ஒரு போர்வீரருடையதுதான். 1965 போரில் குண்டடி பட்ட முரளிகாந்த் பெட்கர், 1972-இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் வென்றார். 1984-இல் ஈட்டியிலேயே நமக்கு இரண்டு பதக்கங்கள் வந்தன. பீம்ராவ் கேசர்கர் வெள்ளி, ஜோகிந்தர் சிங் பேடி வெண்கலம். அதன்பின் நான்கு பாராலிம்பிக் போட்டிகள், இருபது ஆண்டுகள், ஒரு பதக்கமும் இல்லை. அந்த வறட்சியின் முடிவில் வந்தவர்தான் ஜஜாரியா.

சூரு மாவட்டத்துப் பையன்

தில்லியிலிருந்து பிகானேர் போகும் ரயிலில் பயணம் செய்த நம்மவர்களுக்கு சாதுல்பூர், சூரு என்ற நிலையங்கள் நினைவிருக்கும். இராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்து விளிம்பு. கோடையில் அனல், குளிர்காலத்தில் உறைபனி என்று இரண்டு பக்கமும் வாட்டி எடுக்கும் பூமி. அந்த மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1981 ஜூன் 10 அன்று தேவேந்திரா பிறந்தார்.

எட்டு வயதில் மரம் ஏறியபோது, கிளைகளுக்குள் மறைந்திருந்த மின்கம்பியில் கை பட்டுவிட்டது. உயிர் தப்பியதே பெரிது. இடது கையை எடுக்க வேண்டியதாயிற்று.

கிராமத்தில் ஒரு கை இல்லாத பையனை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது நமக்குத் தெரியாததா? ‘ஐயோ பாவம்’ என்ற சொல்லே போதும், பிள்ளையை வீட்டுக்குள் முடக்கிப்போட. தேவேந்திராவும் வெளியே போக விரும்பாமல் வீட்டிலேயே இருந்தார். அவருடைய தாயார்தான் விடவில்லை. போய் மற்ற பிள்ளைகளோடு விளையாடு என்று வெளியே அனுப்பிக்கொண்டே இருந்தார். இதைப் பின்னாளில் தேவேந்திராவே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கால்பந்தும் கபடியும் விட்டு ஈட்டியை ஏன் பிடித்தார்? ஈட்டிக்கு ஒரு கை போதும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். (அது அவ்வளவு சுலபமில்லை என்பதைப் பிறகு பார்ப்போம்.) கையில் ஈட்டி வாங்கக் காசில்லை. ஒரு கழியைச் சீவி ஈட்டி மாதிரி செய்துகொண்டு மணலில் எறிந்து பழகினார். பள்ளிப் போட்டிகளில் இரண்டு கையும் உள்ள பையன்களோடு மோதி ஜெயித்தார். 1997-இல் ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் ஆர்.டி. சிங் என்ற பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். துரோணாச்சாரியா விருது பெற்ற அந்த ஆசிரியர்தான் இவரை முறையாகச் செதுக்கியவர். 2002-இல் தென்கொரியாவில் நடந்த ஆசிய-பசிபிக் மாற்றுத்திறனாளிகள் போட்டியில் தங்கம் கிடைத்தது. அடுத்தது ஏதென்ஸ்.

ஒரு கை போதுமா?

ஆண்களுக்கான ஈட்டியின் எடை 800 கிராம். நீளம் இரண்டரை மீட்டருக்கும் மேல். நீரஜ் சோப்ரா எறிவதும் இந்த எடைதான், ஜஜாரியா எறிந்ததும் இதே எடைதான். கை இல்லை என்பதற்காக எடையில் சலுகை எதுவும் கிடையாது.

ஈட்டி எறிவது கையால் என்று நாம் நினைக்கிறோம். பயிற்சியாளர்களைக் கேட்டால் காலால் என்பார்கள். வீரர் ஓடிவருகிறார். கடைசிச் சில அடிகளில் காலைக் குறுக்காக வைத்து உடம்பைப் பின்னால் சாய்க்கிறார். பிறகு இடது காலைத் தரையில் ஓங்கி ஊன்றி நிற்கிறார். ஓடிவந்த வேகம் முழுவதும் அந்தக் காலில் முட்டி, இடுப்பு, மார்பு, தோள் என்று மேலேறி, கடைசியில்தான் வலது கைக்கு வருகிறது. சாட்டையைச் சொடுக்கும்போது கைப்பிடியில் தொடங்கிய வேகம் நுனிக்குப் போவதுபோல.

இந்த இடத்தில் இடது கைக்கு ஒரு பெரிய வேலை உண்டு. முன்னால் நீட்டியிருக்கும் இடது கையைச் சட்டென்று உடம்போடு இழுத்துக்கொள்ளும்போது வலது தோள் இன்னும் வேகமாக முன்னால் பாய்கிறது. ஓடும்போது உடம்பைச் சாயாமல் காப்பதும் அந்தக் கைதான். அது இல்லாதவர், அந்த வேலை முழுவதையும் இடுப்பையும் முதுகையும் கொண்டு செய்ய வேண்டும். கொஞ்சம் தவறினாலும் ஈட்டி பக்கவாட்டில் போய்விடும். நுனி முதலில் தரையைத் தொடாவிட்டால் அந்த எறிதலே செல்லாது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் 60 மீட்டரைத் தாண்டுவது என்றால் சும்மாவா?

ஏதென்ஸ் 2004

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பதக்கம். துப்பாக்கிச் சுடுதலில் இராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வாங்கிய வெள்ளி. அவரும் இராஜஸ்தான்காரர். நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டிய வெற்றிதான்.

அடுத்த மாதமே அதே நகரில் பாராலிம்பிக். அதில் ஜஜாரியா பழைய உலக சாதனையான 59.77 மீட்டரை இரண்டு மீட்டருக்கும் மேலாகத் தாண்டித் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு வந்த மற்றொரு பதக்கம் பளுதூக்கும் வீரர் இராஜிந்தர் சிங் ரஹேலுவின் வெண்கலம்.

இப்போது விருதுப் பட்டியலைப் பாருங்கள். யாரையும் குறைத்துச் சொல்ல அல்ல, வரலாற்றுக் கணக்குக்காக. வெள்ளி வென்ற ராத்தோருக்கு 2004-ஆம் ஆண்டுக்கான கேல் ரத்னா, 2005-இல் பத்மஸ்ரீ. தங்கம் வென்ற ஜஜாரியாவுக்கு 2004-இல் அர்ஜுனா. பத்மஸ்ரீ வந்தது எட்டு ஆண்டு கழித்து, 2012-இல். கேல் ரத்னா 2017-இல். பத்ம பூஷண் 2022-இல். பாரா விளையாட்டு வீரர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதல் முறை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றபோது ‘இந்தியாவின் முதல் தனிநபர் தங்கம்’ என்று பத்திரிகைகள் எழுதின. ஒலிம்பிக்கில் என்ற சொல்லைச் சேர்த்தால் அது முழு உண்மை. சேர்க்காமல் எழுதிய இடங்களில் பெட்கரும் ஜஜாரியாவும் காணாமல் போனார்கள்.

பட்டியலில் இல்லாத பன்னிரண்டு ஆண்டுகள்

இனி வருவதுதான் இந்த வாழ்க்கையின் மிகக் கடினமான பகுதி.

பாராலிம்பிக்கில் வீரர்களை அவரவர் உடல்நிலைப்படி வகுப்புகளாகப் பிரிப்பார்கள். பார்வை இல்லாதவர் ஒரு வகுப்பு, சக்கர நாற்காலியில் இருப்பவர் ஒரு வகுப்பு, கால் இழந்தவர், கை இழந்தவர் என்று பல. களப் போட்டிகளுக்கு ‘எஃப்’ என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கும். ஒரு கை பாதிக்கப்பட்டு நின்றபடி எறிபவர்கள் ‘எஃப் 46’. எல்லா வகுப்புக்கும் எல்லாப் போட்டியும் வைக்க முடியாது. எத்தனை பேர், எத்தனை நாட்டிலிருந்து வருகிறார்கள் என்றெல்லாம் பார்த்துச் சில வகுப்புகளை ஒன்று சேர்ப்பார்கள், சிலவற்றை விட்டுவிடுவார்கள். ஏதென்ஸில் ஜஜாரியா வென்றதே 44, 46 ஆகிய இரண்டு வகுப்புகளைச் சேர்த்து வைத்த போட்டியில்தான்.

2008 பெய்ஜிங் பட்டியல் வந்தது. எஃப் 46 ஈட்டி அதில் இல்லை. சரி, அடுத்த முறை பார்க்கலாம் என்று காத்திருந்தார். 2012 லண்டன் பட்டியலிலும் இல்லை.

நினைத்துப் பாருங்கள். விளையாட்டு வீரருக்கு 27 வயதும் 31 வயதும் உடம்பு உச்சத்தில் இருக்கும் காலம். உலக சாதனை கையில் இருக்கிறது. தோற்றுப்போய் வெளியேறவில்லை, காயம்பட்டு விலகவில்லை. போட்டியே நடக்கவில்லை. வழக்குப் போடவும் முடியாது, யாரையும் திட்டவும் முடியாது. ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று அவர் யோசித்ததும் உண்டு. அதற்குள் ரயில்வேயில் வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று குடும்பமும் வளர்ந்துவிட்டது. கபடி வீராங்கனையாக இருந்த அவர் மனைவிக்கு விளையாட்டுக்காரரின் மனசு தெரிந்திருந்தது.

2013-இல் பிரான்சின் லியோன் நகரில் உலகச் சாம்பியன் போட்டி. அதில் ஜஜாரியா தங்கம் வாங்கினார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் எஃப் 46 ஈட்டி இடம்பெறும் என்ற செய்தியும் வந்தது. 2014 ஆசியப் போட்டியில் வெள்ளி, 2015 தோஹா உலகப் போட்டியில் வெள்ளி. தங்கம் இல்லையே என்று சிலர் உதட்டைப் பிதுக்கியிருக்கலாம். முப்பத்து நான்கு வயதில் அவர் அடுத்த ஆண்டை நோக்கித்தான் தயாராகிக்கொண்டிருந்தார்.

ரியோ 2016: சேலத்துக்காரரும் சூருக்காரரும்

ரியோவுக்கு இந்தியா அனுப்பியது 19 பேரை. தொடக்க விழாவில் தேசியக் கொடியைப் பிடித்துச் சென்றவர் ஜஜாரியா. அந்தப் போட்டியை நம் வீடுகளில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பதற்கு வேறு காரணமும் உண்டு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து மோதிக் கால் நசுங்கியவர், உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றது அங்கேதான். தமிழக அரசு அவருக்கு இரண்டு கோடி ரூபாய் பரிசு அறிவித்தது. மாநிலத்துக்கு வெளியே வாழும் நாமும் ‘நம்ம பையன்’ என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டோம்.

மாரியப்பன் வென்ற சில நாட்களில், செப்டம்பர் 13 அன்று ஜஜாரியா களமிறங்கினார். எறிந்த தூரம் 63.97 மீட்டர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தாம் ஏதென்ஸில் படைத்த உலக சாதனையைத் தாமே முறியடித்தார். இரண்டாவதாக வந்த சீன வீரர் நான்கு மீட்டருக்கும் மேல் பின்தங்கியிருந்தார். வெண்கலம் வென்றவர் இலங்கை ராணுவத்தைச் சேர்ந்த தினேஷ் பிரியந்த. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாராலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்ற முதல் இந்தியர் ஆனார் ஜஜாரியா. 23 வயதில் எறிந்ததைவிட 35 வயதில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அதிகம்! மத்திய அரசு ரியோவில் வென்றவர்களுக்குத் தங்கத்துக்கு 75 லட்சம், வெள்ளிக்கு 50 லட்சம், வெண்கலத்துக்கு 30 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஏதென்ஸ் காலத்தோடு ஒப்பிட்டால் நாட்டின் பார்வை மாறத் தொடங்கிவிட்டது என்று சொல்லலாம்.

டோக்கியோ: வெள்ளியாகிப் போன நீண்ட எறிதல்

அடுத்த பாராலிம்பிக் 2020-இல் நடந்திருக்க வேண்டும். கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போனது. 39 வயது வீரருக்கு ஓராண்டு என்பது சாதாரண விஷயமா? அந்த 2020-இலேயே அவருடைய தந்தையார் புற்றுநோயால் காலமானார். அவர் படுக்கையில் இருந்தபோதும் மகனைப் பயிற்சிக்குப் போகச் சொன்னார் என்று ஜஜாரியா கூறியிருக்கிறார். காந்திநகரிலுள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையத்தில், குடும்பத்தைப் பிரிந்து, மாதக்கணக்கில் பயிற்சி நடந்தது.

2021 ஆகஸ்ட் 30. டோக்கியோ. ஜஜாரியா எறிந்தது 64.35 மீட்டர். ரியோவில் தங்கம் வாங்கித் தந்த எறிதலைவிடக் கூடுதல். ஆனால் இந்த முறை அது வெள்ளிதான். ரியோவில் வெண்கலம் வாங்கிய அதே தினேஷ் பிரியந்த 67.79 மீட்டர் எறிந்து புது உலக சாதனை படைத்துவிட்டார். பாராலிம்பிக்கில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. வெண்கலம் நம் நாட்டின் சுந்தர் சிங் குர்ஜருக்கு, 64.01 மீட்டர்.

மூன்று பாராலிம்பிக் எறிதல்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 62.15, 63.97, 64.35. ஒவ்வொன்றும் முந்தியதைவிட அதிகம். மூன்றில் மிக நீண்டதுதான் தோற்றது. பதக்கத்தின் நிறத்தை மட்டும் பார்ப்பவர், நாற்பது வயதில் அவர் இறங்கிவிட்டார் என்று எழுதுவார். அளவுநாடாவைப் பார்ப்பவருக்கு அவர் கடைசிவரை ஏறிக்கொண்டே இருந்தது தெரியும். ஆட்டம்தான் அவரையும் தாண்டி வளர்ந்துவிட்டது. அதற்கு அவரும் ஒரு காரணம்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள்

அதே ஆகஸ்ட் 30 அன்று, கால் இழந்தோர் பிரிவில் ஹரியானாவின் சுமித் அன்டில் 68.55 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். 2024 பாரிஸில் 70.59 மீட்டரோடு மறுபடியும் தங்கம். அங்கே ஜஜாரியாவின் எஃப் 46 பிரிவில் அஜீத் சிங் வெள்ளி, சுந்தர் சிங் குர்ஜர் வெண்கலம். உயரம் குறைந்தோர் பிரிவில் நவ்தீப் சிங்குக்கும் தங்கம்.

மொத்தக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பாராலிம்பிக்கில் இந்தியா வாங்கிய பதக்கங்கள்: 2004-இல் 2, 2008-இல் ஒன்றுமில்லை, 2012-இல் 1, 2016-இல் 4, டோக்கியோவில் 19, பாரிஸில் 29. ரியோவுக்கு 19 பேர் போனார்கள். டோக்கியோவுக்கு 54 பேர், பாரிஸுக்கு 84 பேர். திறமை திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. பயிற்சி மையம், உதவித்தொகை, செயற்கைக் கால், வெளிநாட்டுப் போட்டி என்று ஒவ்வொன்றாகக் கிடைக்கத் தொடங்கியபோது, ஏற்கெனவே இருந்த திறமை வெளியே வந்தது.

ஜஜாரியா 2024 மார்ச்சில் இந்திய பாராலிம்பிக் குழுவின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டு சூரு தொகுதியில் பாஜக சார்பில் மக்களவைத் தேர்தலில் நின்று தோற்றார். 2025 செப்டம்பர், அக்டோபரில் உலக பாரா தடகளச் சாம்பியன் போட்டி முதல் முறையாக இந்தியாவில், தில்லி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் நடந்தபோது, அதை நடத்தும் பொறுப்பில் இருந்தவர் அவர். இந்தியாவுக்கு 22 பதக்கங்கள் கிடைத்தன. இரண்டு முறை பட்டியலில் இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த வீரர், போட்டியை வரவேற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

நமக்கு இதில் என்ன?

ஜஜாரியா தமிழரல்ல. நாம் வாழும் ஊர்களின் மனிதர். தில்லியிலோ ஜெய்ப்பூரிலோ அகமதாபாத்திலோ இருக்கும் தமிழ்க் குடும்பம், மாரியப்பனை நம்மவர் என்று சொல்லிக்கொள்வதைப் போலவே ஜஜாரியாவையும் நம்மவர் என்று சொல்ல உரிமை உள்ளது. ரியோவில் ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள்தானே இருவரும்!

இன்னொன்றும் உண்டு. கையோ காலோ கண்ணோ பாதிக்கப்பட்ட பிள்ளைகள் நம் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். அடுக்குமாடி வீடுகளில் அவர்கள் பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் விளையாட்டைப் பார்க்கிறார்கள். நம் சங்கங்கள் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் ஓட்டப்பந்தயம், கயிறு இழுத்தல், உறியடி எல்லாம் நடத்துகின்றன. அந்த அழைப்பிதழில் இந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு போட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியலில் ஒரு வரி விடுபட்டதால் ஓர் உலக சாதனையாளருக்கே பன்னிரண்டு ஆண்டுகள் போயிற்று. ஒரு குழந்தைக்கு எத்தனை ஆண்டு போகும்?

எனவே அடுத்த முறை யாராவது ஈட்டியில் இந்தியாவின் தங்கங்களைக் கேட்டால், பிள்ளைகள் வரிசையாகச் சொல்லட்டும்: 2004 ஏதென்ஸ், தேவேந்திர ஜஜாரியா, 2016 ரியோ, தேவேந்திர ஜஜாரியா, 2021 டோக்கியோ, நீரஜ் சோப்ராவும் சுமித் அன்டிலும், 2024 பாரிஸ், சுமித் அன்டிலும் நவ்தீப் சிங்கும்.